கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளி

முத்துமீனா என்று கூப்பிட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டின் கட்டத்தில் பேனா முனையை வைத்தபடி காத்திருக்கிறேன். பதில் இல்லை. மூன்றாவது மேசையில் ஜன்னலோர முக்காலி காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமையும் காலியாகத்தான் இருந்தது, வெள்ளிக்கிழமை நான் அதைக் கவனிக்கவில்லை, இல்லை, கவனித்தேன், கவனித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். பதினொன்றாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பெண்கள், அதில் ஒருத்தி இரண்டு நாள் வராமல் போவது ஒரு செய்தியா, கல்யாண வீடு, காது குத்து, வயிற்று வலி, எத்தனையோ இருக்கிறது. முத்துமீனா, மறுபடியும் கூப்பிடுகிறேன், என் குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்கிறது. பக்கத்து முக்காலியிலிருந்து ஜெபசீலி எழுந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே சைக்கிளில் வருபவர்கள். "அவளுக்குக் காய்ச்சல் டீச்சர். நேத்துப் போய்ப் பாத்தேன். தொண்டை வலிக்குதுன்னு எச்சி கூட முழுங்க மாட்டேங்கா. தண்ணி குடுத்தா தட்டி விட்டுட்டாளாம், அவங்க அம்மா சொன்னாங்க." சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துகொள்கிறாள், ஒன்றும் நடக்காதது மாதிரி பென்சிலைச் சீவத் தொடங்குகிறாள். நான் பதிவேட்டைப் பார்க்கிறேன். கட்டத்தில் பேனா ஊறி நீல மை ஒரு பொட்டாகப் பரவியிருக்கிறது. தண்ணீர் கொடுத்தால் தட்டிவிட்டாள். தண்ணீரைப் பார்த்துத் தட்டிவிட்டாளா, குடித்துவிட்டு வலி தாங்காமல் தட்டிவிட்டாளா, இரண்டும் ஒன்றல்ல, இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு உயிர் இருக்கிறது, அதை ஜெபசீலியிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது. "காப்பியாவது குடிக்காளா?" என்று மட்டும் கேட்கிறேன். "தெரியல டீச்சர்" என்கிறாள்.

இன்றைக்கு ஒளிச்சேர்க்கைச் சோதனை. தண்ணீர்தான் இன்றைக்கு எல்லாம். பத்து மேசையிலும் பத்து பீக்கர், ஒவ்வொன்றிலும் விளிம்பு வரை தண்ணீர், உள்ளே குளத்திலிருந்து கொண்டுவந்த வேலம்பாசி, அதன்மேல் கவிழ்த்த புனல், புனலின் மேல் கவிழ்த்த சோதனைக்குழாய். வெயில் படும்படி ஜன்னலோரம் நகர்த்துங்கள் என்கிறேன். பாசியின் வெட்டிய நுனியிலிருந்து முதல் குமிழி வெளிவர எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும், வந்ததும் பெண்கள் கூச்சல் போடுவார்கள், ஒவ்வொரு வருஷமும் போடுவார்கள், அந்தக் கூச்சலுக்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று கூடச் சில நாள் நினைத்திருக்கிறேன். "வந்துட்டு டீச்சர், வந்துட்டு!" இதோ போடுகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, மேசைக்கு ஒரு குரல் எண்ணுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நானும் எண்ணுகிறேன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், மறுபடி இந்தத் திங்கள் வரை. பதினோரு நாள். இன்றைக்குச் சேர்த்து எண்ணினால் பன்னிரண்டு. பதினோரு நாளில் வருமா. வராது, பெரும்பாலும் வராது, ஒரு மாதம் ஆகும், இரண்டு மாதம் ஆகும், கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏற வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று படித்திருக்கிறேன், படித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் பத்து நாளிலும் வந்திருக்கிறது என்று அதே புத்தகத்தில் அடுத்த வரியில் இருந்தது. விரல் நுனியில், உள்ளங்கையில் நரம்பு அதிகம். நரம்பு அதிகமான இடத்தில் கடித்தால் சீக்கிரம். கடித்தது எங்கே, வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே அந்தச் சதைமேட்டில். இரண்டு புள்ளி. ஊசி குத்தினது மாதிரி இரண்டு புள்ளி, அதில் ஒன்றில் மட்டும் கடுகளவு ரத்தம்.

அந்த வியாழக்கிழமை காலையில் கலையரங்கத்தைப் பெருக்கிய பெண்கள்தான் அதைப் பார்த்தார்கள், மேடைத்திரைக்குக் கீழே தரையில் கிடந்தது, ஒரு வௌவால், கைக்குட்டை அளவுகூட இல்லாத சின்ன வௌவால். முத்துமீனா அதைத் தன் சாப்பாட்டுக்கூடையில் துண்டைப் போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "டீச்சர், பாலூட்டி பாடம் நடத்துறீங்கள்ல, உயிரோட கொண்டுவந்திருக்கேன்!" எனக்குச் சந்தோஷம். அதை நான் மறைக்கமாட்டேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் உயிரியல் என்றால் ஃபார்மலின் பாட்டில், வெளுத்துப்போன தவளை, கண் இல்லாத மீன், மூடியில் ஒட்டின லேபிள். செத்ததைப் பார்த்து உயிரைப் படித்தோம். இந்த ஆய்வகத்தில் அப்படி இருக்கக்கூடாது என்று வந்த முதல் வருஷமே முடிவு செய்தேன். தொட்டியில் கப்பி மீன், மண்சட்டியில் மண்புழு, கண்ணாடி ஜாடியில் வெட்டுக்கிளி, சாளரத்தில் தொட்டாற்சுருங்கியும் ரணகள்ளியும், பழைய மூக்குக்கண்ணாடி டப்பாவில் பட்டுப்புழு. போன ஜூனில் ஒரு பெண் கையில் தேள் ஊர்ந்து அது பெரிய ரகளையாகி, எச்.எம். டீச்சர் சுற்றறிக்கை விட்டார்கள், செடி, மீன், புழு தவிர வேறு எந்த உயிருள்ள பிராணியும் வகுப்புக்கு வரக்கூடாது என்று. நானும் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்ட கையோடுதான் அந்த வௌவாலை மேசையில் வைத்து, கதவைச் சாத்தச் சொல்லி, சிறகை விரித்துக் காட்டினேன். பாருங்கள், இது சிறகு இல்லை, கை, இவைதான் விரல்கள், நம் விரல்தான் நீண்டு தோல் போர்த்தியிருக்கிறது. முப்பத்தெட்டுப் பேரும் மூச்சு விடவில்லை. ஆய்வகத்தில் இருந்தது ஒரே ஒரு ஜோடி ரப்பர் கையுறை. அதை நான் போட்டிருந்தேன். ஒரு கையால் தலையையும் ஒரு கையால் சிறகையும் பிடித்தால் மற்ற சிறகை விரிக்க ஆள் வேண்டும். யார் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டது நான். எல்லோருக்கும் முன்னால் யார் எழுந்து வருவாள் என்று எனக்குத் தெரியாதா, முத்துமீனாதான் வந்தாள், வெறுங்கையோடு. அது தலையைத் திருப்பியது, அவ்வளவுதான். "ஐய, கடிச்சிட்டு" என்று சிரித்தாள். சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பகலில் தரையில் கிடக்கிற வௌவால் நோய்ப்பட்ட வௌவால். இதைத் தெரிந்துகொள்ள விலங்கியலில் முதுகலை வேண்டாம், எனக்கு அதுவும் இருக்கிறது. பறக்க முடியாதது, ஓட முடியாதது, காரணமில்லாமல் கடிக்கிறது. நம் பக்கத்து வௌவாலில் வெறிநோய்க் கிருமி அபூர்வம், இருக்கிறதா என்பதே சந்தேகம், எனக்கு அதுவும் தெரியும், அதையேதான் பதினோரு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. சாயந்திரம் அது செத்துப்போனது. ஆய்வக உதவியாளர் சங்கரபாண்டி அண்ணன் குப்பையோடு சேர்த்து எரித்துவிட்டார், நான்தான் எரிக்கச் சொன்னேன். எரித்துவிட்டால் இனி யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது என்று அப்போது தோன்றியதா. தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம். முத்துமீனாவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொன்னேன், அதைச் சரியாகச் செய்தேன், பதினைந்து நிமிஷம் கழுவ வைத்தேன். கழுவி முடித்து அவள் கையைப் பாவாடையில் துடைத்தபோதுதான் சொன்னேன். "ஒண்ணும் ஆகாது. வீட்டுல சொல்லி அப்பா அம்மாவைப் பயமுறுத்தாத." அவள் தலையாட்டினாள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டினாள்.

"டீச்சர், ஒரு நிமிஷத்துக்குப் பதினேழு!" என்று ஐந்தாவது மேசையிலிருந்து சத்தம். எழுதிக்கொள், அடுத்து பீக்கரை நிழலுக்கு நகர்த்திவிட்டு எண்ணு என்கிறேன். எங்கிருந்து வருகிறது இந்தக் குரல், டீச்சர் குரல், அது பாட்டுக்கு வேலை செய்கிறது. பயந்த மனுஷிக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆறு வருஷமாகத் தற்காலிகமாக இருக்கிறேன், நிரந்தர ஆணை இந்த மாதம் நிர்வாகக் குழுவில் வைக்கிறார்கள், அதனால்தான் சொல்லவில்லை என்றால் எவ்வளவு எளிதாக இருக்கிறது, ஒரு காரணம், கையில் பிடிக்கக்கூடிய ஒரு காரணம். உண்மை அதைவிட அசிங்கமானது. முதல் நாள் ஆணையை நினைத்துச் சொல்லவில்லை. இரண்டாம் நாள், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள், இரண்டு நாள் சும்மா இருந்தாயா என்று கேட்பார்களே என்று. அப்படியே ஒவ்வொரு நாளும் முந்தைய நாளை மறைக்க வேண்டியிருந்தது. தினமும் வகுப்புக்கு வந்ததும் அவள் கையைப் பார்ப்பேன். புள்ளி காய்ந்துவிட்டது, பொருக்கு உதிர்ந்துவிட்டது. காயம் ஆறிவிட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று ஒரு படிக்காத ஆள் நினைக்கலாம். நானும் நினைத்தேன், தெரிந்தே, படிக்காத ஆளாக இருக்க முயற்சி பண்ணினேன்.

தாஸ் அண்ணன் ஞாபகம் வருகிறது, வரக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தள்ளிக்கொண்டிருந்தேன். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு எதிரே கோழிக்கடை வைத்திருந்தவர். கடை வாசலில் சுற்றிய குட்டிநாய் விளையாட்டாகப் பல்லைப் பதித்தது, அவர் மஞ்சளை அப்பிவிட்டு மறந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் தொண்டை வலி என்றார். மறுநாள் அவர் மனைவி டம்ளரை வைத்துக்கொண்டு நிற்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவருக்குத் தாகம், குடிக்கத்தான் ஆசை, கையை நீட்டுகிறார், டம்ளர் கிட்டே வந்ததும் கழுத்து இழுத்துக்கொள்கிறது, முகம் வேறு ஆளுடைய முகமாகிவிடுகிறது. தண்ணீருக்குப் பயப்படுவது தெரியும் எல்லோருக்கும். யாருக்கும் தெரியாதது காற்று. யாரோ வியர்க்கிறதே என்று மின்விசிறியைப் போட்டார்கள், அந்தக் காற்று மேலே பட்டதும் அவர் போட்ட சத்தம். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று அந்த அம்மா ஓடியது. நோய் அவர் புத்தியை எடுக்கவில்லை, கடைசி வரைக்கும் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. வந்துவிட்டால் மருந்து இல்லை. வருவதற்கு முன்னால் ஊசி, வந்தபின் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறாள் முத்துமீனா, இப்போது, இந்த நிமிஷம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் எனக்குள்கூட வார்த்தையாகச் சொன்னதில்லை. அந்த வௌவாலின் நகம் என் மணிக்கட்டில், உறைக்கு மேலே, ஒரு கோடு கிழித்தது. ரத்தம்கூட வரவில்லை, வெள்ளையாக ஒரு கீறல். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, இந்த ஊர் வேண்டாம் என்று பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய், அங்கே ஒரு டாக்டரிடம் தெருநாய் கீறிவிட்டது என்று பொய் சொல்லி, ஊசி போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை இரண்டாவது. போன வெள்ளிக்கிழமை மூன்றாவது. வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் காலி முக்காலியைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கடிபட்டவள் அவள். கீறல் பட்டவள் நான். அவளிடம் ஒன்றும் ஆகாது என்று சொன்ன அதே வாயால் டாக்டரிடம் பயமாக இருக்கிறது டாக்டர் என்று சொன்னேன். ஒன்றும் ஆகாது என்று நான் நம்பியிருந்தால் ஏன் போனேன். நம்பவில்லை என்றால் அவளை ஏன் கூட்டிப்போகவில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க முடியாது. பதினோரு நாளாக நின்றுகொண்டிருக்கிறேன்.

மணி பார்க்கிறேன். பதினொன்றேகால். இரட்டைப் பீரியட், முடிய இன்னும் அரை மணி நேரம். முடியட்டும். முடிந்ததும் இடைவேளையில் ஜெபசீலியிடம் வீட்டு நம்பர் வாங்கிப் பேசுவேன், சும்மா விசாரிக்கிற மாதிரி, தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்பேன், குடிக்கிறாள் என்று சொன்னால், சொல்லிவிட்டால், சாயந்திரம் போய்ப் பார்த்துப் பக்குவமாக, பயமுறுத்தாமல், முன்னெச்சரிக்கைக்காக ஒரு ஊசி என்று. பார், மறுபடியும் நாளைக்கு என்கிறாய் செண்பகம், அரை மணி நேர நாளைக்கு. தண்ணீரில் குமிழிகள் ஏறுகின்றன. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்கிறது ஒரு குரல். எனக்குத் தொண்டை காய்கிறது. என் பாட்டிலைத் திறக்கிறேன், வாயருகே கொண்டுபோகிறேன், ஒரு கணம் கை நிற்கிறது, என் தொண்டை என்ன செய்யும் என்று எனக்கே தெரியவில்லை. குடிக்கிறேன். இறங்குகிறது. மூன்று ஊசி போட்டுக்கொண்டவளின் தண்ணீர்.

ஜெபசீலி நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வருகிறாள். நிழலில் நிமிஷத்துக்கு நாலு குமிழி, அதற்குக் காரணம் எழுதியிருக்கிறாள், சரியாக எழுதியிருக்கிறாள். கையெழுத்துப் போடுகிறேன். போகத் திரும்பியவள் மேலே பார்த்துவிட்டு, "இங்க ஃபேனு நல்லா சுத்துது டீச்சர். முத்துமீனா வீட்டுல ஒரே புழுக்கம். அவ ஃபேனே போட விட மாட்டேங்கா. போட்டாலே கத்துதா" என்கிறாள்.

நான் எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, முக்காலி பின்னால் விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. பெண்கள் எல்லோரும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். "அண்ணே, கிளாஸைப் பாத்துக்கோங்க" என்று சங்கரபாண்டி அண்ணனிடம் சொன்னேன், அவர் என்னம்மா ஆச்சு என்று கேட்கும்போதே படியிறங்கினேன். வராந்தா நீளமாக இருந்தது. எச்.எம். டீச்சர் அறைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், கேட்டுக்கு நேரே போக வேண்டும். நேரே போய்விடலாம் என்று கால் சொன்னது, யாரிடமும் சொல்லாமல் போய், பார்த்து, ஒன்றும் இல்லை என்றால் திரும்பி வந்துவிடலாம். அந்தக் காலை எனக்கு நன்றாகத் தெரியும், என்னை அடுத்த ஊருக்குப் பஸ் ஏற்றிய கால். இடது பக்கம் திரும்பினேன். எச்.எம். ராஜகனி டீச்சர் கால அட்டவணையில் ஏதோ அழித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன், வௌவால், கடி, பதினோரு நாள், காய்ச்சல், வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னது, எல்லாம். என் ஊசியைத் தவிர எல்லாம். அவர்கள் ரப்பரைக் கீழே வைத்தார்கள். "பிள்ளை எங்க இருக்கு இப்ப?" "வீட்டுல, டீச்சர்." "அப்ப இங்க நின்னு ஏன் அழுதுக்கிட்டு இருக்க? போ. ஆஸ்பத்திரிக்கு நான் போன் போட்டுச் சொல்லுதேன்." கதவு வரை வந்தபோது பின்னாலிருந்து சொன்னார்கள். "செண்பகவல்லி, இதை நான் சும்மா விட மாட்டேன். அது வேற. இப்பப் போ."

ஆட்டோவில் காற்று முகத்தில் அடித்தது. முதல் முறையாக ஆட்டோக் காற்றுக்குப் பயந்தேன். தெருவில் யாரோ பாடை கட்டுகிறார்களா என்று முன்னால் பார்த்துக்கொண்டே போனேன், பந்தல் இருக்கிறதா, கூட்டம் நிற்கிறதா, பந்தல் இல்லை, ஒரு லோடு ஆட்டோ நின்றது, அதன் நிழலில் ஒரு கோழி. அவள் அப்பா கருத்தப்பாண்டி வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றார், லோடு ஆட்டோ அவருடையதுதான். என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடி உள்ளே ஓடினார். "வாங்க டீச்சர், சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல. பொன்னுக்கு வீங்கி டீச்சர், நேத்து ராத்திரிதான் வீங்க ஆரம்பிச்சது, வேப்பிலை அரைச்சுப் போட்டிருக்கு, அவ அம்மா தீப்பெட்டி ஆபீஸ் போயிருக்கா, நான் இன்னைக்கு லோடுக்குப் போகல." பொன்னுக்கு வீங்கி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நம்பலாமா. வேப்பிலை பச்சையாக இரண்டு கன்னத்திலும் காதுக்குக் கீழேயும் அப்பியிருந்தது, அதற்குக் கீழே வீங்கித்தான் இருந்தது, முகம் பூசணிப்பிஞ்சு மாதிரி, போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாயில் கிடந்தாள் முத்துமீனா. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் படு என்றேன். வீக்கம் இருந்தால் மட்டும் போதுமா, வீக்கமும் இருந்து அதுவும் இருந்தால்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்கண்ணே" என்றேன். எனக்கு என்று நினைத்து அவர் சில்வர் டம்ளரில் கொண்டுவந்தார். பாய் ஓரத்தில் உட்கார்ந்து அதை அவள் முகத்தருகே கொண்டுபோனேன். தண்ணீர் விளிம்பில் தளும்பியது. அவள் தண்ணீரைப் பார்த்தாள். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன், காலர் எலும்புக்கு மேலே இருக்கிற அந்தக் குழியை, தாஸ் அண்ணனுக்கு இழுத்துக்கொண்ட இடத்தை. "முழுங்கினா காதுக்குள்ள குத்துது டீச்சர்" என்றாள். "ஒரு வாய், கண்ணு. எனக்காக." வாயை வைத்தாள். கண்ணை இறுக்கிக்கொண்டாள். விழுங்கினாள். வலியில் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, "அம்மா" என்று முனகினாள், கையால் தாடையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு தாகம் போல, தானே டம்ளரை இழுத்து இன்னொரு வாய் குடித்தாள். ஃபேனைப் போடச் சொன்னேன். காற்று வந்ததும் "குளிருது டீச்சர், போடாதீங்க" என்று கத்திப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். குளிர். வெறும் குளிர், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அடிக்கிற குளிர். கழுத்து இழுக்கவில்லை. நான் டம்ளரில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்தேன், அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க.

அப்போது அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறியிருக்கலாம். நிறுத்தவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறாள், அதனால்தான் இப்போது சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும். கருத்தப்பாண்டியிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், "வௌவாலா?" என்று. பிறகு மகளின் வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க? ஒண்ணையும் காணமே." நான் விரலை வைத்துக் காட்டினேன். பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும் தெரிகிற இரண்டு புள்ளி. அவர் மகளைப் போர்வையோடு தூக்கி லோடு ஆட்டோவின் முன் சீட்டில் உட்கார வைத்தார். எனக்கு முன்னால் இடம் இல்லை. பின்னால் தார்ப்பாய்க்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் எச்.எம். டீச்சர் சொல்லி வைத்திருந்ததால் காத்திருக்க வைக்கவில்லை. டாக்டர் சின்னப் பெண், என்னைவிட இளையவள், கன்னத்தைத் தடவிப் பார்த்துப் பொன்னுக்கு வீங்கிதான் என்றாள். வௌவாலைப் பற்றிக் கேட்டபோது எழுதுவதை நிறுத்தினாள். "பதினோரு நாளா?" என்றாள். "லேட்தான். ஆனா இன்னும் போடலாம், போட்டே ஆகணும். கையில ஒரு ஊசி, கடிச்ச இடத்துல சுத்தி ஒரு ஊசி. அது வலிக்கும். பிறகு அட்டையில இருக்கிற தேதிக்கு வரணும், ஒரு நாள் தவறக்கூடாது." பிறகு பேனாவைத் தட்டிக்கொண்டு கேட்டாள். "வேற யாருக்காவது பட்டுச்சா?" இல்லை என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அவ்வளவு பழகியிருந்தது. "எனக்கு ஒரு கீறல்" என்றேன். "நான் போட்டுக்கிட்டேன்." "எப்போ?" "மறுநாளே." டாக்டர் எழுதிக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு தகவல். எனக்குப் பக்கத்தில் நின்ற கருத்தப்பாண்டி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், முதல் முறையாகப் பார்க்கிற ஆளைப் பார்ப்பது போல, மேலிருந்து கீழே, என் செருப்பு வரை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்று நினைத்தேன்.

ஊசி போடும்போது அவள் கையை அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார் நர்ஸ். நான் பிடித்தேன். ஆறின தோலுக்குள் ஊசி போனபோது அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீங்கின தாடையோடு கத்தக்கூட முடியாமல் கத்தினாள். எந்த இடம் என்று நர்ஸ் கேட்க, இங்கே, இன்னும் கொஞ்சம் கீழே என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள், ஒரு கட்டில் கொடுத்தார்கள். கருத்தப்பாண்டி மகள் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்தார், நானும் வந்தேன். "அவ அம்மாவைக் கூட்டிட்டு வாரேன்" என்றார் சுவரைப் பார்த்து. "அதுவரைக்கும் பக்கத்துல இருங்க. இனி ஒவ்வொரு ஊசிக்கும் நீங்க வந்து நிக்கணும், டீச்சர் வேலை இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி." வாரேன் என்றேன். நாலடி போய்விட்டுத் திரும்பினார். "உள்ள டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களே, அதைப் பிள்ளைகிட்டயும் நீங்களே சொல்லிருங்க. என் வாயால எனக்குச் சொல்ல வராது."

கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், ஊசி போட்ட கை இடுப்பின் மேல் கிடந்தது. வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கலாமா, இப்போது சொன்னால் தாங்குவாளா, காய்ச்சல் நூற்றிரண்டு, அடுத்த ஊசிக்கு வரும்போது சொன்னால் என்ன, அவள் அம்மா வந்தபிறகு, தூங்கி எழுந்தபிறகு. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"டீச்சர், எத்தனை நாளைக்குப் பயந்துக்கிட்டே இருக்கணும்?"

"மூணு மாசம்" என்றேன். "சில பேருக்குக் கூடவும் ஆகும். ஊசி எல்லாம் ஒழுங்காப் போட்டா பெரும்பாலும் ஒண்ணும் வராது. பெரும்பாலும்தான். நிச்சயமா சொல்ல எனக்குத் தெரியாது."

போர்வைக்குள் அவள் முதுகு ஏறி இறங்கியது.

"உங்களுக்கும் அதோட நகம் பட்டுச்சுல்ல. நான் பாத்தேன். அப்ப நீங்களும் என்னை மாதிரியே பயந்துக்கிட்டு இருக்கணுமா டீச்சர்?"

அவள் குரலில் எனக்காக ஒரு கவலை இருந்தது. இல்லாமல் இருந்திருக்கலாம். ஆமாம் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது, பொய்கூட இல்லை அது, பயம் இருக்கத்தானே இருக்கிறது, ஆமாம் என்று சொன்னால் இரண்டு பேரும் ஒரு பக்கம் ஆகிவிடுவோம்.

"இல்ல முத்துமீனா" என்றேன். "எனக்கு அவ்வளவு இல்ல. நான் மறுநாளே போய் ஊசி போட்டுக்கிட்டேன். இதுவரைக்கும் மூணு போட்டாச்சு. உங்கிட்ட சொல்லல."

கட்டில் கிறீச்சிட்டது. ஊசி போட்ட கையை ஊன்றாமல், மெதுவாக, வலிக்கிற தாடையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, அவள் என் பக்கம் திரும்பத் தொடங்கினாள். நான் எழுந்து போகவில்லை.